நகரம் வந்தாச்சு, நம்ம கட்டுத்தரை என்னாகும்?



இந்த மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டது மாடு, ஆடு, கோழி, நாய். "இதுல நமக்குத் தெரியாதது என்ன இருக்கு? பிறந்ததிலிருந்து இதோடதானே இருக்கோம்" என்று நினைக்கலாம். வளர்க்கிற விதம் நமக்கு நன்றாகத் தெரியும். ஊர் நகரமாக மாறினால் வளர்ப்பதற்கு என்ன விதி என்பதுதான் நம்மில் பலருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரு உறுப்பினர் பட்ட கஷ்டத்தைப் பார்த்த பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டோம்.

அவருக்கு வீடு ஊர் ஓரத்தில். குழுக் கடனில் 45 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கறவை மாடு வாங்கினார். காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு மாட்டை அவிழ்த்து விடுவார். அது ஏரிக்கரைப் பக்கம் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயத் தானாகவே வீடு வந்து சேரும். அவர் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்து வந்தது. நடுவில் அந்தப் பகுதி நகர எல்லைக்குள் போய்விட்டது. தெருவிளக்கு வந்தது, தார் ரோடு வந்தது, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஒரு நாள் மாடு வீடு திரும்பவில்லை. இரவெல்லாம் தேடினார். மறுநாள்தான் ரோட்டில் நின்ற மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

யாரைப் பார்ப்பது, எங்கே பணம் கட்டுவது என்று தெரியாமல் மூன்று நாள் அலைந்தார். அபராதம், தீவனச் செலவு, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து ஒரு மாதத் தவணையைத் தாண்டிவிட்டது. கறவை தடைப்பட்டு மடி வீங்கிப் பாலும் குறைந்தது. காதுக் கம்மலை அடகு வைத்தார். இரண்டு மாதம் தவணை கட்ட முடியவில்லை.

குழுக் கூட்டத்தில் தவணை பற்றிக் கேட்டபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாடு வாங்கக் கடன் குடுத்தீங்க. மாட்டுக்கு என்ன விதி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையேக்கா?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடன் கொடுக்கும்போது மாட்டின் வயசு, ஈத்து, பால் அளவு எல்லாம் விசாரித்தோம். கட்ட இடம் இருக்கிறதா, அந்த இடம் யாருடைய எல்லையில் இருக்கிறது என்று நாங்கள் கேட்கவே இல்லை. அந்தக் குறை எங்களுடையது. அதனால்தான் இந்தப் பாடம்.

முதல் கேள்வி: நம்ம வீடு எந்த எல்லையில் இருக்கு?

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று உள்ளாட்சி நாலு வகை. ஊராட்சிக்குச் சட்டம் வேறு, மற்ற மூன்றுக்கும் சட்டம் வேறு. ஊராட்சிக்கு 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றுக்கும் 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். இந்தச் சட்டம் பல வருடம் கிடப்பில் இருந்து, 2023 ஏப்ரலில்தான் அதற்கான விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதுவரை நகராட்சிகளுக்கு 1920-ம் ஆண்டின் பழைய சட்டம்தான் இருந்தது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். சேலம் 1866-ல் நகராட்சி ஆனது, 1994-ல் மாநகராட்சி ஆனது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று இன்று நாலு மண்டலம். இதில் பல இடங்கள் நம் பாட்டிமார் காலத்தில் சோளக்காடும் கட்டுத்தரையுமாக இருந்தவைதான். நாமக்கல் 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. நாமக்கல் நகராட்சி 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. நாம் இடம் மாறாமல் அதே வீட்டில்தான் இருக்கிறோம், எல்லைக்கோடுதான் நம்மைத் தேடி வருகிறது.

எல்லைக்கோடு வந்தால் சொத்து வரி, வீட்டு வரைபட அனுமதி எல்லாம் மாறும் என்று நமக்குத் தெரிகிறது. கட்டுத்தரைக்கும் அதே போல விதி மாறும் என்பதை மறந்துவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நகரத்தில் மாடு வளர்க்கவே கூடாது என்று பல பேர் சொல்கிறார்கள். அது சரியல்ல. சட்டங்களின் சாரம் இதுதான்: முறையாகக் கட்டி, சுத்தமாக, அனுமதியோடு வளர்க்கலாம். அவிழ்த்து விடக் கூடாது. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது.

1. தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தி ஒழுங்குபடுத்த 1997-லேயே தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். வளர்ப்பதற்கு உள்ளாட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், கேட்பாரற்றுத் திரியும் விலங்கைப் பிடிக்கலாம் என்பது அதன் அடிப்படை.

2. 1939-ம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம். சுகாதாரத்துக்குக் கெடுதல் வரும் விதத்தில் விலங்கை வைத்திருப்பதை இது 'தொல்லை' என்று சொல்கிறது. சாணியும் மூத்திரமும் சாக்கடையில் ஓடுகிறது என்று பக்கத்து வீட்டார் புகார் கொடுத்தால் சுகாதார ஆய்வாளர் வந்து பார்ப்பது இதனால்தான்.

3. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 291. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. நம் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பலத்த காயமோ வராதபடி நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

4. 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். இது விலங்கின் பக்கம் பேசுகிற சட்டம். தீனி, தண்ணீர், நிழல் இல்லாமல் வைப்பது, நெடுநேரம் குட்டையான சங்கிலியில் கட்டிப்போடுவது, வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவது எல்லாமே குற்றம். கறவை வற்றிய மாட்டைப் பைபாஸ் ஓரம் விட்டுவிட்டு வருவதும் இதில் சேரும்.

உரிமக் கட்டணம் எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறும். அதனால் யார் வாயாலோ கேட்டதை நம்பாமல் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஏன் இந்தக் கெடுபிடி?

"நாங்க மாடு மேய்க்கிறதுல இவங்களுக்கு என்ன வந்தது?" என்று கோபம் வரும். நியாயம்தான். இருந்தாலும் அடுத்தவர் பக்கமும் நின்று பார்ப்போம்.

ஒரு மாடு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோ சாணி போடும். மூத்திரமும் விடும். இரண்டு மாடு என்றால் மாதத்துக்கு ஒரு டன் சாணி. கிராமத்தில் எருக்குழி இருக்கிறது, காடு இருக்கிறது, அது தங்கமாகிவிடும். ரெண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிற தெருவில் அது எங்கே போகும்? சாக்கடைக்குத்தான் போகும். சாக்கடை அடைக்கும், கொசு பெருகும். சேலத்துச் சாக்கடைத் தண்ணீரெல்லாம் திருமணிமுத்தாறு வழியாக நாமக்கல் பக்கம்தான் இறங்குகிறது. மேலே ஒருத்தி கழுவி விட்டதைக் கீழே இன்னொருத்தி தன் கிணற்றில் இறைக்கிறாள்.

அடுத்தது ரோடு. சேலம், நாமக்கல், கரூர் வழியாகப் போகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவில் கருப்பு மாடு ஒன்று படுத்திருந்தால் பைக்கில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? சாகிறவன் யார் வீட்டுப் பிள்ளையோ. மாடும் போகும். நெடுஞ்சாலைகளில் திரியும் கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இனி பிடிப்பது கூடுமே தவிரக் குறையாது.

மூன்றாவது, நம் மாட்டுக்கே வருகிற கேடு. நகரத்தில் மேய்ச்சல் என்பது பெரும்பாலும் குப்பைத்தொட்டிதான். மிச்சச் சோற்றைக் கேரிப்பையோடு மாடு விழுங்கிவிடுகிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் பை ஒழியவில்லை. அந்தப் பை இரைப்பையில் சுருண்டு கிடந்து, தீனி செரிக்காமல், வயிறு உப்பி மாடு சாகிறது. அவிழ்த்து விட்டால் தீவனச் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். 45 ஆயிரம் ரூபாய் முதலை வைத்துத்தான் அந்தச் சூதாட்டம் நடக்கிறது.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மாடு: சொந்த இடத்தில் கொட்டகை, சிமெண்ட் அல்லது கல் பாவிய தரை, மூத்திரம் ஓட வாய்க்கால், அது போய்ச் சேரக் குழி. இவை இருந்தால் பாதிப் புகார் வராது. சாணியைத் தினமும் அள்ளி எருக்குழியில் போட்டு மூடுங்கள், அல்லது எரு வாங்குகிற காட்டுக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாலு மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலம் வைக்கலாம். இரண்டு கனமீட்டர் கலத்துக்குத் தினம் சுமார் 50 கிலோ சாணி போதும். ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு எரிவாயு கிடைக்கும். காதில் 12 இலக்க எண் உள்ள வில்லை கட்டாயம் இருக்கட்டும். அந்த வில்லைதான் மாட்டின் ரேஷன் கார்டு. தடுப்பூசி, இன்சூரன்ஸ், பிடிபட்டால் 'இது என் மாடு' என்று சொல்வது எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் சாட்சி. கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசுக் கால்நடை மருந்தகத்தில் இலவசமாகப் போடுகிறார்கள்.

ஆடு: நம் மேச்சேரி செம்மறிக்கும் சேலம் கருப்பு வெள்ளாட்டுக்கும் தனிப் பெயர் உண்டு. ஆனால் வெள்ளாடு கழுத்தை நீட்டினால் அடுத்த வீட்டுச் செம்பருத்தி காலி. நகரத் தெருவில் ஆட்டால் வருகிற சண்டை பெரும்பாலும் செடியில்தான் தொடங்கும். பரண் மேல் கொட்டில் அமைத்துத் தழையை வெட்டிக் கொண்டுவந்து போட்டு வளர்க்கலாம். குறைந்த இடம் போதும், புழுக்கையும் கீழே சேரும், அள்ளுவது சுலபம்.

கோழி: நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறவரையும் நாமக்கல் முட்டைப் பண்ணைக்காரரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்லை. 5,000 கோழிக்கு மேல் வளர்க்கும் பண்ணைகள்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலுக்குள் வருகின்றன. குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் தள்ளி அமைக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. நமக்கு அது இல்லை. ஆனாலும் இரவில் கூண்டில் அடைப்பது, கழிவைக் கூட்டி அள்ளுவது, செத்த கோழியைச் சாக்கடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டுக் குழியில் புதைப்பது நம் கடமை. பறவைக் காய்ச்சல் உறுதியானால் நோய் கண்ட இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கோழிகளை அழிக்க வேண்டும் என்பது அரசின் செயல்திட்டம். அப்போது பண்ணைக் கோழி, நாட்டுக்கோழி என்ற பேதம் கிடையாது. நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் கோழியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பன்றி: இதில்தான் நகர உள்ளாட்சிகள் ரொம்பக் கண்டிப்பு. காரணம் வெறும் அருவருப்பு அல்ல. மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் உடம்பில் பெருகி, கொசு வழியாக மனிதருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு வருகிறது. இதையே தொழிலாக வைத்திருக்கும் சகோதரிகள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்கிப் பேசக் கூடாது. குடியிருப்பை விட்டுத் தள்ளிக் கொட்டில் போட்டு அடைத்து வளர்க்க இடம் கேட்பதில் குழு அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

நாய்: வளர்ப்பு நாய்க்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிற நாளில் மறு ஊசி, அப்புறம் வருடா வருடம். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள். உரிமம் கேட்டுப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். தெருநாயை அடித்துக் கொல்வது குற்றம். 2023-ம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் வேலை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கன்வாடி, பள்ளிக்கூடம் பக்கம் நாய்த்தொல்லை இருந்தால் குழுவாக மனுக் கொடுங்கள்.

நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி இலவசம். முதல் நாள், 3, 7, 28-ம் நாள் என்று சொன்ன ஊசி எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை.

கிளி: "பச்சைக்கிளிதானே, பிள்ளைங்க ஆசைப்படுது" என்று கூண்டில் வைக்காதீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, சில்லைக் குருவி எல்லாம் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. இதற்கு உரிமமே கிடையாது. விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் குற்றம்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

பதற வேண்டாம். சண்டை போட்டு வண்டியை மறிக்கவும் வேண்டாம். அது தனி வழக்காகிவிடும்.

• அன்றே போங்கள். நாளாக ஆகத் தீவனச் செலவு ஏறும். யாரும் கேட்டு வராத மாட்டைக் குறித்த நாளுக்குப் பிறகு ஏலம் விடச் சட்டத்தில் இடம் உண்டு. 1871-ம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்திலேயே, பவுண்டில் அடைத்த மாட்டை அறிவிப்புக்குப் பிறகு ஏலம் விடும் முறை எழுதியிருந்தது.
• காதுவில்லை எண், மாட்டின் போட்டோ, கடன் பத்திரம் அல்லது இன்சூரன்ஸ் காகிதம், ஆதார் நகல் கொண்டு போங்கள்.
• பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது தராத பணம் அபராதம் ஆகாது. நடுவில் நின்று "நான் எடுத்துத் தர்றேன்" என்கிற ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.
• மாட்டுக்குக் காயம் இருந்தால் அங்கேயே காட்டி எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மாட்டுக்கு முடியாமல் போனால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.
• குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். தனியாகப் போகிற பெண்ணை அலைய விடுவது சுலபம், நாலு பேராய்ப் போனால் பதில் வரும்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

சென்னை அரும்பாக்கத்தில் 2023 ஆகஸ்டில் பள்ளி முடிந்து தாயோடு நடந்து வந்த சிறுமியை ஒரு மாடு முட்டித் தள்ளியது. அதைப் படம்பிடித்த காட்சி எல்லா டி.வி.யிலும் வந்தது. அதன் பிறகு மாநகராட்சி அபராதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 2024-ல் முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 15,000 என்று முடிவு செய்தார்கள். உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் அறிவித்தார்கள். இன்று சென்னையில் நடப்பது நாளை நம் ஊருக்கும் வரலாம்.

அபராதம் மட்டும்தான் வழியா? வேறு வழியும் பார்த்திருக்கிறார்கள். மும்பை நகருக்குள் இருந்த எருமைத் தொழுவங்களை வெளியே கொண்டுபோக 1949-ல் ஆரே பால் காலனியை அமைத்தார்கள். கொட்டகை, புல், தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில். சென்னைக்கு மாதவரம் பால் காலனி அப்படி வந்ததுதான். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டுத் தலைநகர் கம்பாலாவில் ஊருக்குள் பயிர் செய்வதும் மாடு, கோழி வளர்ப்பதும் வெகுநாள் சட்டவிரோதமாக இருந்தது. அங்கேயும் அதை நம்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். 2006-ல் அந்த நகரம் தடையை விட்டு, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டு வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விதி என்பது வானத்திலிருந்து விழுவதல்ல, மன்றத்தில் உட்கார்ந்து மனிதர்கள் எழுதுவது. எழுதுகிற நேரத்தில் மாடு வளர்க்கிறவள் அங்கே இல்லையென்றால் அபராதம் மட்டும்தான் எழுதப்படும். அவள் போய்ப் பேசினால் "மாடு கட்ட இடம்" என்ற வரியும் அதில் வரலாம்.

குழு என்ன செய்யலாம்?

ஒன்று. இனி கால்நடைக் கடன் மனு வந்தால் மூன்று கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: கட்ட இடம் உண்டா? சாணி எங்கே போகும்? அந்த இடம் எந்த உள்ளாட்சியில் வருகிறது? கடனை மறுப்பதற்காகக் கேட்கச் சொல்லவில்லை. கடன் வாங்குகிற சகோதரி பின்னால் கம்மலை அடகு வைக்காமல் இருப்பதற்காகக் கேட்கச் சொல்கிறோம்.

இரண்டு. குழுவில் ஒரு கால்நடைப் பதிவேடு வையுங்கள். யாரிடம் என்ன இருக்கிறது, வில்லை எண், தடுப்பூசி நாள், இன்சூரன்ஸ் முடிகிற நாள். ஒரு 40 பக்க நோட்டு போதும்.

மூன்று. மேய்ச்சலுக்கு ஆள். ஆளுக்கு ஒரு மாடு என்று தனித்தனியாக அவிழ்த்து விடுவதற்குப் பதில், பத்து வீடு சேர்ந்து முறை வைத்து ஒருவர் கூடவே போய் மேய்த்து வரலாம். காவல் இல்லாத மாடுதான் திரியும் மாடு.

நான்கு. தீவனம். சோளத்தட்டை அறுவடைக் காலத்தில் மொத்தமாகக் குழு பேரில் வாங்கிப் பங்கிட்டால் விலை குறையும். கட்டி வைத்து வளர்க்கக் கட்டுபடியாகாது என்பதுதான் அவிழ்த்து விடுவதற்கு முக்கியக் காரணம். அதற்கு விடை காணாமல் "அவிழ்த்து விடாதே" என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஐந்து. சபைக்குப் போங்கள். கிராமத்துக்குக் கிராம சபை இருப்பது போல, நகரத்துக்கு 2022 முதல் பகுதி சபை வந்திருக்கிறது. அங்கே இந்த மனுவைக் கொடுக்கலாம்:

"ஐயா / அம்மா, எங்கள் பகுதியில் உள்ள மகளிர் குழு உறுப்பினர்கள் கால்நடை வளர்ப்பை நம்பி வாழ்கிறோம். நாங்கள் விதிகளுக்குக் கட்டுப்பட்டு வளர்க்க விரும்புகிறோம். எனவே (1) உரிமம் பெறும் முறை, கட்டணம், அபராதம் ஆகியவற்றைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். (2) எங்கள் பகுதியில் காதுவில்லை, தடுப்பூசி முகாம் நடத்த வேண்டும். (3) இடம் இல்லாதவர்கள் மாடு கட்டப் பொதுக் கொட்டகைக்கு இடம் ஒதுக்க வேண்டும். (4) பிடிக்கப்படும் கால்நடையின் வில்லை எண்ணைப் பார்த்து உரிமையாளருக்கு அன்றே தகவல் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்."

கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் யார் யார் வீட்டில் என்னென்ன வளர்க்கிறோம்? எத்தனை மாட்டுக்குக் காதுவில்லை இருக்கிறது?
2. நம் பகுதி இப்போது எந்த உள்ளாட்சியில் இருக்கிறது? மாறப் போவதாகப் பேச்சு உண்டா?
3. நம் மாட்டால், ஆட்டால், நாயால் பக்கத்து வீட்டாருக்கு என்ன தொந்தரவு? அவர் சொல்வதற்கு முன் நாமே சரிசெய்ய முடிந்தது என்ன?
4. நாளைக்கே ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால், கூடப் போகப் போகிற இரண்டு பேர் யார்? அவர்கள் பெயரை இன்றே தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக, அந்த உறுப்பினர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். குழு கூடிப் பேசி அவருடைய இரண்டு தவணையைப் பின்தள்ளி வைத்தோம். அவர் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குக் கல் பாவி, தகரம் போட்டு, மாட்டைக் கட்டினார். தீவனச் செலவு கூடியது, ஆனால் பாலும் கொஞ்சம் கூடியது. சாணியைப் பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரில் வந்து வாங்கிக்கொண்டு போகிறார். கம்மல் இன்னும் அடகிலிருந்து வரவில்லை. வரும் தீபாவளிக்குள் திருப்பிவிடுவேன் என்கிறார்.

அவர் கேட்ட கேள்வியை இன்னொரு உறுப்பினர் நம்மிடம் கேட்கிற நிலை வரக் கூடாது. அடுத்த கூட்டத்தில் இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, எல்லாரும் கேட்டுப் பேசுங்கள். படிக்கத் தெரியாத அக்காமார் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வாசியுங்கள். மாடு அதிகம் வைத்திருப்பது அவர்கள்தான்.